நூல் அறுந்தால் கை எங்கே நிற்கும்?

சின்ன வயதில் மீட்டர்கேஜ் ஸ்டேஷன் நடைமேடையில் நிற்கும்போது "கைகாட்டி இறங்கிருச்சு" என்று யாராவது சொன்னால் போதும், கீழே வைத்திருந்த பைகளெல்லாம் தோளுக்கு ஏறிவிடும். ரயிலை அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தூரத்துக் கம்பத்தில் ஒரு சிவப்புக் கை சாய்ந்ததைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கைகாட்டியை அது பிறந்த நாட்டிலேயே, உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு முப்பது வயதுக்கு மேல் கிடைத்தது. வேலை நிமித்தமாக இரண்டு வருடம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் இருந்தேன். வார இறுதிகளில் பள்ளிக்கூட மண்டபங்களில் மாதிரி ரயில் கண்காட்சி நடக்கும். நுழைவுச்சீட்டு, தேநீர், கேக், மேசை மேசையாக ரயில்கள். நாலைந்து கண்காட்சிகளுக்குப் பிறகு நான் ரயில்களை விட்டுவிட்டுக் கம்பங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இது அந்தக் கம்பங்களைப் பற்றிய விமர்சனம். நாவலை, சினிமாவை விமர்சிப்பதுபோல ஒரு பித்தளைக் கைகாட்டியை விமர்சிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்றே நினைக்கிறேன். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்கிறார்கள். எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்ற கேள்வி அங்கேயும் வந்துவிடுகிறது.

*

முதலில் பாராட்டிவிடுகிறேன். பிரிட்டிஷ் மாதிரிக்காரர்களிடம் அதிகம் புழங்கும் அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அதாவது 1:76.2. 25 அடிக் கம்பம் 10 சென்டிமீட்டர் ஆகிறது. 4 அடிக் கை 16 மில்லிமீட்டர். கம்பத்தோடு இறங்கும் ஓர் அங்குலக் கம்பி, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இதையெல்லாம் பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டி, மடித்து, சால்டர் வைத்து, பெயின்ட் அடிக்கிறார்கள். சூடு கொஞ்சம் கூடினால் முன்பு வைத்த இணைப்பு கழன்று விழும். ஏணிப் படிகளை மட்டும் ஒட்ட ஒரு மாலை முழுதும் போகும்.

நல்ல மாதிரியை எப்படி அடையாளம் காண்பது? விளக்கைப் பாருங்கள். கையின் வேர்ப்பகுதியில் வண்ணக் கண்ணாடி பதித்த சட்டம் ஒன்று உண்டு. கை அசையும்போது அதுவும் அசைந்து, பின்னால் எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் சிவப்பையோ பச்சையையோ கொண்டுவந்து நிறுத்தும். அந்தப் 'பச்சை'க் கண்ணாடி பார்வைக்குப் பச்சையாக இருக்காது, நீலமாகத் தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அது நீலத்தின் வழியே வந்தால்தான் தூரத்து டிரைவருக்குப் பச்சையாகத் தெரியும். விவரம் தெரியாதவர் பச்சை பெயின்ட்டும் வெள்ளை எல்இடியும் வைப்பார். தெரிந்தவர் நீலமும் மஞ்சளும் வைப்பார். விளக்கின் முதுகில் ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும். விளக்கு எரிகிறதா என்று கேபினில் இருக்கும் சிக்னல்மேன் இரவில் தெரிந்துகொள்ள. இந்த ஓட்டையை ஊசிமுனை அளவில் போட்டு, அதன் வழியே ஒளியும் வரவைத்த ஒரு மாதிரியை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவரை மனசுக்குள் கும்பிட்டேன்.

கம்பத்தின் உச்சியில் இருக்கும் கூர்முடிகூட வெறும் அலங்காரம் அல்ல. மரக்கம்பத்தின் தலைக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் காக்கும் மூடி அது. கம்பெனிக்குக் கம்பெனி அதன் வடிவம் வேறு. நிழலைப் பார்த்தே எந்த ரயில்வே என்று சொல்லிவிடும் ஆட்கள் அந்த மண்டபங்களில் இருந்தார்கள்.

*

இனி குறைக்கு வருகிறேன்.

நிஜக் கைகாட்டி 'நில்' நிலைக்குத் திரும்பும்போது ஒருமுறை துள்ளி அடங்கும். மாதிரியில் அந்தத் துள்ளலைக் கொண்டுவர, பலகைக்கு அடியில் ஒரு சர்வோ மோட்டார் வைத்து, எவ்வளவு தூரம் போய், எத்தனை முறை குலுங்கி, எப்போது நிற்க வேண்டும் என்று சின்ன சர்க்யூட்டில் எண்களைக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும். நானே ஒரு ஆர்டுயினோ வாங்கி, ஒவ்வொரு தடவையும் துள்ளல் கொஞ்சம் மாறும்படி புரோகிராம் எழுதினேன். ஒரு வாரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு கண்காட்சியில் கரன்ட் போனது. ரயில்கள் நின்றன, வீட்டு ஜன்னல்கள் அணைந்தன. கைகாட்டி மட்டும் 'போ' என்று இறங்கியபடியே நின்றது. சர்வோவின் பற்சக்கரங்கள் விட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் வயிற்றை என்னவோ செய்தது. ஏன் என்று சொல்ல இரண்டு கதைகள் வேண்டும், ஒன்று அவர்களுடையது, இன்னொன்று என்னுடையது.

1876 ஜனவரி 21. கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் ஆபட்ஸ் ரிப்டன் என்ற இடம். கடும் பனிப்பொழிவு. ஸ்காட்லாந்திலிருந்து லண்டன் செல்லும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட ஒரு நிலக்கரி வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். சிக்னல்மேன்கள் லீவரை 'நில்'லுக்குத் திருப்பிவிட்டார்கள். கேபினைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் அந்தக் காலக் கை, கம்பத்தில் வெட்டிய பிளவுக்குள் மடங்கி ஒளிந்துகொள்ளும் வகை. ரயில் இல்லாதபோதும் 'போ' என்றே நிற்பது அன்றைய வழக்கம். பிளவுக்குள் பனி உறைந்து கையைப் பிடித்துக்கொண்டது, கம்பிகளிலும் பனி பாரம் ஏறியது. லீவர் 'நில்' என்றது, கைகாட்டி 'போ' என்றது. எக்ஸ்பிரஸ் நிலக்கரி வண்டியில் மோதியது. சில நிமிடங்களில் எதிர்த்திசையில் வந்த இன்னொரு எக்ஸ்பிரஸ் அந்தச் சிதைவின் மேல் ஏறியது.

அதற்குப் பிறகுதான் 'நில்' என்பது கைகாட்டியின் இயல்பு நிலை ஆனது. கிரேட் நார்தர்ன், கம்பத்தை விட்டுத் தள்ளி ஒரு தாங்கியில் நடுவில் சுழலும் கையை வடிவமைத்தது. அதற்குக் குட்டிக்கரணக் கை என்றே பெயர். பனி பிடிக்கப் பிளவே கிடையாது. பொதுவாகவே கைகாட்டிகளில் எதிரெடையும் கண்ணாடிச் சட்டத்தின் வார்ப்பிரும்பு எடையும் சேர்ந்து, கம்பி அறுந்தால் கையைத் தானாகக் கிடைமட்டத்துக்குத் தூக்கிவிடும். 1920களுக்குப் பிறகு, கிரேட் வெஸ்டர்ன் தவிர மற்ற பெரிய கம்பெனிகள் மேல்நோக்கி உயரும் கைக்கு மாறின. அங்கே கையின் எடையே அதை 'நில்'லுக்கு இறக்கிவிடும். வகை எதுவானாலும் கொள்கை ஒன்றுதான்: ஏதாவது கெட்டுப்போனால் ரயில் நிற்க வேண்டும்.

என் கதை சின்னது. எங்கள் குழு பார்த்துக்கொண்ட ஒரு மென்பொருள், மருந்துக்கடைகளின் ஆர்டர்களைக் கிடங்குக்கு அனுப்பும். எல்லாம் ஓடுகிறதா என்று காட்டும் கண்காணிப்புத் திரையை எழுதியவன் நான். புதுத் தகவல் வரவில்லை என்றால் கடைசியாக வந்ததையே காட்டு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். திரை அடிக்கடி சிமிட்டாமல் இருக்க. ஓர் இரவு தகவல் கொண்டுவரும் பகுதியே செத்துப்போனது. மூன்று மணி நேரம் ஓர் ஆர்டரும் போகவில்லை. திரை முழுக்கப் பச்சை. இரவுப் பணியில் இருந்தவனும் நான்தான். பச்சையைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். யாருக்கு மருந்து தாமதமானது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் தைரியமும் வரவில்லை.

*

ஆகவே என் புகார் இதுதான். கைகாட்டியின் மேன்மை அது கெட்டுப்போகும்போது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. மாதிரிக்காரர்கள் அது நன்றாக இருக்கும்போது எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தண்டவாள அகலத்துக்காக அவர்கள் போடும் சண்டையைப் பார்த்தால் இது இன்னும் உறுத்தும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம், கணக்குப்படி 18.83 இருக்க வேண்டும். இந்த 2.33 மில்லிமீட்டருக்காகச் சக்கரம் முதல் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும் பிரிவே அங்கு உண்டு. அவர்களும் அடியில் சர்வோதான் வைக்கிறார்கள்.

எதிர்முனைக்கு ஓர் உதாரணம் யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லங்காஷயர் அண்ட் யார்க்‌ஷயர் ரயில்வே தன் சிக்னல் பள்ளிக்காக 1912இல் செய்த மாதிரி. சிக்னல்மேன்களுக்குப் பயிற்சி தர 1990கள் வரை பயன்பட்டது. கைகள் பொம்மைக் கைகள் மாதிரி, கம்பங்கள் தடி தடியாக. கண்காட்சி மண்டபத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதன் லீவர்கள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. தடம் சரியாகத் திரும்பாமல் கையை இறக்க நினைத்தால் லீவர் நகராது. தப்பு செய்ய வருபவனைத் தடுக்கிறது. அதன் முன்னால் நின்றபோது, அழகான மாதிரிகளில் எனக்குக் கிடைக்காத ஒரு மரியாதை உணர்வு வந்தது.

சரி, இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன? செய்துபார்த்தேன். இயற்பியல் குறுக்கே வந்தது. உருவத்தை 76 மடங்கு சுருக்கினால் எடை ஏறத்தாழ 4.4 லட்சம் மடங்கு சுருங்கும். 20 கிலோ எதிரெடை என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் அது 45 மில்லிகிராம். இரண்டு அரிசி மணி. பெயின்ட்டின் பிசுக்கு மட்டுமே அதைப் பிடித்து நிறுத்திவிடும். அப்படியே விழுந்தாலும், நிஜத்தைவிடக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு சீக்கிரத்தில் விழுந்து முடிந்துவிடும், கண்ணுக்குப் படாது. அளவு சுத்தமாக இருந்தால் நடத்தை செத்துவிடுகிறது. சர்வோக்காரர்கள் ஏன் சர்வோவுக்குப் போனார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அதுவரை அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்திருந்தேன், தவறு.

நான் பலகைக்கு அடியில் பொய் சொன்னேன். மீன்பிடிக்கும் ஈயக்குண்டு ஒன்றை எதிரெடையாகக் கட்டினேன். நூல் வழியாக சர்வோ இழுக்கும், நூல் அறுந்தால் கை 'நில்'லுக்குப் போகும். கரன்ட் போனால்? மறுபடியும் அதே பற்சக்கரம். சர்வோவைக் கழற்றிவிட்டு மின்காந்தம் வைத்தேன். கரன்ட் இருக்கும்வரைதான் பிடிக்கும். கை படாரென்று போகாமல் இருக்கக் கெட்டியான கிரீஸ். எல்லாம் வேலை செய்தது, ஆனால் கிரீஸ் துள்ளலைக் கொன்றுவிட்டது.

அதை ஒரு சின்ன மன்றத்துக்கு எடுத்துப்போனேன். சிக்னல் பராமரிப்பில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அங்கே வருவார். என் புகாரைப் பொறுமையாகக் கேட்டார். நிஜக் கைகாட்டிகள் ஒவ்வொன்றாக இறக்கப்பட்டு வருகின்றன, அவை எப்படி இருந்தன என்று யாராவது செய்து வைக்கட்டுமே, எல்லாவற்றையும் ஒரே ஆள் காப்பாற்ற முடியாது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஓட்டை போட்ட விளக்கு ஞாபகத்துக்கு வந்தது. அதைச் செய்தவர் இல்லையென்றால் அப்படியோர் ஓட்டை இருந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. என் புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை, ஆனால் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன்.

பெரியவர் என் கைகாட்டியை இறக்கிப் பார்த்தார். கீழே குனிந்து, கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். கை மெதுவாக எழுந்து கிடைமட்டத்தில் நின்றது. நான் வேறு நூல் கட்டிக் கொடுத்ததும் பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி நின்றது. "துள்ளவில்லையே" என்றார். குறைதான் என்று ஒப்புக்கொண்டேன். தலையை ஆட்டிவிட்டு, பிளக்கைச் சொருகி, கையை இறக்கி, இன்னொரு தடவை பிடுங்கினார்.