லியர் எழுதாத பத்திரம்

ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தைப் பற்றி எழுதுவோர் பலரும், புகழ்ச்சிக்கு மயங்கிய முதியவன் ஒருவனின் வீழ்ச்சி என்று அதனைக் கூறி அமைந்துவிடுகின்றனர். அது தவறன்று, ஆயினும் முழுமையன்று. எண்பது வயதைக் கடந்த தந்தை ஒருவர், தாம் உயிரோடிருக்கும்போதே உடைமை முழுவதையும் மக்களுக்குப் பிரித்தளிக்கிறார். சிறிது காலத்திலேயே தலைசாய்க்க இடமின்றிப் புயலில் நிற்கிறார். வயது முதிர்ந்த பெற்றோர் உள்ள எந்தக் குடும்பத்துக்கும் இது அந்நியக் கதையன்று. லியரின் பிழை அன்பைச் சோதித்ததோடு நின்றுவிடவில்லை. கடமையை உறுதிப்படுத்தாமல் விட்டதிலும் அது அடங்கியிருக்கிறது. அந்நோக்கில் இந்நாடகத்தை மீண்டும் படித்துப் பார்ப்பது பயனுடையது.

இந்நாடகம் 1606-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் அரசவையில் நடிக்கப்பெற்றது, 1608-இல் அச்சேறியது. இதே கதையைக் கொண்ட பழைய நாடகம் ஒன்று 1605-இல் அச்சிடப்பெற்றிருந்தது. அதில் மன்னன் இறுதியில் அரியணையை மீளப் பெறுகிறான். ஷேக்ஸ்பியரோ அந்த ஆறுதலை மறுத்துவிட்டார். அக்காலத்து இங்கிலாந்தில் சொத்தும் முதுமையும் மோதிய வழக்குகள் அரியன அல்ல. 1603-இல் கென்ட் பகுதியைச் சேர்ந்த பிரையன் ஆன்ஸ்லி என்ற முதியவரைச் சித்தசுவாதீனம் இழந்தவர் என்று அறிவித்து, அவர் உடைமையைக் கைக்கொள்ள மூத்த மகள் முயன்றாள். கார்டெல் என்ற இளைய மகள் அதனை எதிர்த்து நின்றாள். நாடகத்துக்கு அதுவே மூலம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் மன்றத்தில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு இது வெறும் பழங்கதையாகத் தோன்றியிராது என்று கொள்ளலாம்.

முதற்காட்சியைச் சற்று நின்று நோக்குவோம். லியர் அனைத்தையும் கொடுத்துவிடவில்லை. அரசன் என்ற பெயரும் சிறப்பும் தமக்கே உரியவை என்கிறார். நூறு வீரர்களைத் தம்மோடு வைத்துக்கொள்வதாகவும், இரு மகளிரின் இல்லங்களிலும் மாதம் மாறி மாறித் தங்குவதாகவும் அறிவிக்கிறார். இது ஒரு நிபந்தனை. நம் ஊர் வழக்கில் சொன்னால் ஆயுட்கால உரிமை. ஆனால் அந்நிபந்தனை வாய்ச்சொல்லாகவே நின்றுவிட்டது. அதனைக் கேட்டிருந்த முதன்மையானோர் யார்? கானரில், ரீகன், அவர்தம் கணவன்மார். நால்வரும் பயன் பெறுபவர்கள்! எதிர்த்துப் பேசிய உண்மைச் சாட்சியான கென்ட், அப்பொழுதே நாடு கடத்தப்படுகிறான். பின்னாளில் வழக்கு எழும்போது லியரின் பக்கம் நின்று பேச ஒருவரும் இல்லாதபடி அவரே செய்துவிட்டார்.

அந்த வழக்கு இரண்டாம் அங்கத்தின் இறுதியில் எழுகிறது. முதியவரின் உரிமையைப் பற்றி இதனினும் கூர்மையான காட்சியை இலக்கியத்தில் காண்பது அரிது. நூறு வீரர் ஐம்பதாகின்றனர், ஐம்பது இருபத்தைந்தாகிறது, பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்ற கேள்விகள் எழுகின்றன, ஒருவன்தான் எதற்கு என்பதில் முடிகிறது. நான் அனைத்தையும் கொடுத்தேன், ஆனால் இதனை எனக்கென ஒதுக்கிக்கொண்டேன் என்று லியர் வாதாடுகிறார். அவர் கூறுவது முற்றிலும் உண்மை. ஆனால் எடுத்துக்காட்ட அவரிடம் ஓலை நறுக்கும் இல்லை.

இவ்விடத்தில் மகளிரின் பக்கத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். நூறு பேர் கூச்சலிட்டுத் திரியும் வீட்டை நடத்துவது எளிதன்று என்ற கானரிலின் முறையீட்டில் சிறிதும் நியாயம் இல்லை என்று கூறிவிட முடியாது. அவர்களுடைய கொடுமை வேறிடத்தில் உள்ளது. தந்தைக்கு எது தேவை என்பதைத் தாங்களே அளந்து கொடுக்கத் தொடங்கினர். உணவும் கூரையும் போதும் என்று முடிவு கட்டினர். மனிதனின் தேவையை அப்படிக் கணக்கிட முடியாது என்று லியர் கதறுகிறார். நூறு வீரர் அவருக்கு ஆடம்பரம் என்பது மெய்தான். ஆயினும் நேற்றுவரை கொடுத்தவராக இருந்தவர் இன்று கையேந்துபவர் ஆகாமல் காத்த இறுதி வேலியும் அதுவே.

கார்டீலியாவின் விடையை இப்பொழுது எண்ணிப் பார்த்தல் தகும். தமக்கையர் இருவரும் அளவிறந்த அன்பைப் பேசினர். அவளோ தன் கடமைப் பிணைப்பின்படி நேசிப்பதாக மட்டும் கூறினாள். அவள் ஆண்ட ஆங்கிலச் சொல், நம் மக்கள் ‘பாண்டு எழுதிக் கொடுத்தான்’ என்று வழங்கும் அதே சொல்தான். உறவின் கட்டு, ஒப்பந்தக் கட்டு என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. தந்தைக்கு அச்சொல் வறட்சியாகப் பட்டது. ஆனால் கடமையைச் சொல்லத் தயங்காதவளே, ஒரு காணி நிலமும் பெறாதிருந்தும், இறுதியில் கடல் கடந்து வந்து அவரைப் பேணினாள். அன்பை மட்டும் பேசியவர்கள் கதவை அடைத்தனர்.

நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவாகும் தான செட்டில்மென்ட் பத்திரங்களை நோக்கினால், ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்ற தொடர் இடம்பெறுவதைக் காணலாம். அது கொடுப்பவரின் அன்பு. பெறுபவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்ற வரியோ பலவற்றில் இருப்பதில்லை. லியரின் அவையில் பெறுபவர் அன்பைப் பேசினர். நம் பத்திரத்தில் கொடுப்பவர் பேசுகிறார். இரண்டிலும் கடமை எழுதப்படவில்லை.

இக்குறையை உணர்ந்தே பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. 60 வயது நிரம்பியவர், தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் பேண மறுத்தால், அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கத் தீர்ப்பாயத்திடம் கோரலாம் என்கிறது அதன் 23-ஆம் பிரிவு. நிபந்தனை இருந்தால்தான் இப்பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. சட்டத்தின் நோக்கத்தைக் கருதித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில் கூறியது. அன்பும் பாசமுமே உட்கிடையான நிபந்தனை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் கருதியது. நீதிபதிகள் உட்கிடையைத் தேட நேர்வதே, எழுத வேண்டியது எழுதப்படவில்லை என்பதற்குச் சான்று.

உயிலோ வேறு தன்மையது. இறப்புக்குப் பின்பே அது நடைமுறைக்கு வரும். தெளிந்த அறிவுள்ள வரை மாற்றவும் நீக்கவும் இடமுண்டு. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இரு சாட்சிகளின் கையொப்பத்தைக் கேட்கிறது. அதன் 67-ஆம் பிரிவின்படி, சாட்சிக் கையொப்பமிட்டவருக்கோ அவர்தம் வாழ்க்கைத் துணைக்கோ அந்த உயில் அளிக்கும் பங்கு செல்லாது. பயன் பெறுபவரையே சாட்சியாக்கிய லியரின் பிழைக்கு இதனைவிட நல்ல விமர்சனம் இல்லை எனலாம்.

திருநூலும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. சீராக்கின் ஞான நூல் தன் 33-ஆம் அதிகாரத்தில், உயிர் உள்ளளவும் மகனுக்கோ மனைவிக்கோ உடன்பிறந்தவனுக்கோ நண்பனுக்கோ உன்மீது அதிகாரம் கொடாதே என்றும், வாழ்நாள் முடியும் வேளையில் உரிமைச்சொத்தைப் பகிர்ந்தளி என்றும் பெற்றோருக்கு அறிவுரை கூறுகிறது. அதே நூலின் 3-ஆம் அதிகாரமோ, தந்தையின் அறிவு தளர்ந்தாலும் பொறுமை காட்டி அவரைப் பேணுமாறு மக்களைப் பணிக்கிறது. ஒன்று எச்சரிக்கை, மற்றது அன்புக் கட்டளை. இரண்டையும் கூறிய ஞானி ஒருவரே. பிள்ளைகளை நம்பாதவர் அவர் என்று எவரும் கூறார்.

‘பெற்ற பிள்ளையிடம் போய் நிபந்தனையா?’ என்று கூசும் தாய் தந்தையர் நம் பங்குகளில் பலர். அந்தக் கூச்சம் மேன்மையானது, எனினும் ஆபத்தானது. தங்கும் அறை, மருத்துவச் செலவு, கைச்செலவுக்கு ஒரு தொகை ஆகியவற்றைப் பத்திரத்தில் எழுதக் கேட்பது பிள்ளையின் அன்பை ஐயுறுவது ஆகாது; அந்த அன்புக்கு ஓர் உருவம் தருவதாகும். சட்டம் கூரையைப் பெற்றுத் தரலாம். மதிப்பைப் பெற்றுத் தராது. அந்த மதிப்பு பிள்ளைகளின் உள்ளத்திலிருந்தே வர வேண்டும். கூரையையாவது உறுதிசெய்துகொள்வது பெற்றோரின் கையில் உள்ளது. அதனையும் விட்டுக்கொடுத்தவரே லியர்.