பதத்தின் தலைவன்: பாலசரசுவதியின் உரையும் பெயர் சுட்டாப் பதமும்

பதம் பாடுவோர் தாம் பாடும் பொருளைப்பற்றித் தாமே எடுத்துரைத்தவை மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது, 1975 டிசம்பரில் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் த. பாலசரசுவதி (1918–1984) ஆற்றிய தலைமையுரையாகும். அவரை ஆடற்கலைஞராக மட்டும் கொள்வது பொருந்தாது. வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய அவர், அமர்ந்தபடி தாமே பாடி அபிநயித்தவர். அவ்வுரையும் பாடுவோரின் நோக்கை உட்கொண்டதே.

ஆடல் நிகழ்ச்சியின் வரிசைமுறையை அவர் கோயிலமைப்போடு ஒப்பிடுகிறார். அலாரிப்பு கோபுரம், மண்டபங்களைக் கடந்து வருணத்தில் இறைவனின் திருமுன்னை அடைகிறோம், பதம் கருவறை. அங்கே தாள ஆரவாரம் அடங்கிச் சொல்லும் இராகமும் எஞ்சுகின்றன. சிருங்காரத்தைத் தூய்மை செய்ய வேண்டும் என்பாரை அவர் உறுதியாக மறுக்கிறார். இக்கலையில் புதிதாகத் தூய்மை செய்யத்தக்கது எதுவுமில்லை என்பது அவர் துணிபு. பொட்டுக்கட்டுதலைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், இசைவேளாளர் குடியில் பிறந்த ஒருவர் இதனைப் பொதுமேடையில் கூறியது எளிய செயலன்று.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. அக்கருவறையில் உறையும் தலைவன் யார்? சேத்திரக்ஞர் பதங்களில் முவ்வ கோபாலன் என்னும் முத்திரை விடை தருகிறது. முத்திரையே இல்லாத இடத்தில் என் செய்வது?

இதற்குத் திருவிதாங்கூர் அவையே தக்க சான்று. பாறசாலை, கள்ளிக்காடு முதலிய நெய்யாற்றின்கரைப் பகுதி ஊர்கள் அந்நாட்டைச் சேர்ந்தவை. சுவாதித் திருநாள் (1813–1846) அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு விளங்கினார். பாலசரசுவதி கோயிலுக்கு ஒப்பிட்ட வரிசைமுறை அந்நால்வர் வகுத்தது. அவர்தம் ஆசான் கந்தப்பா பிள்ளையும் அவ்வழியினர். அதே அவையினரான இரயிம்மன் தம்பி (1782–1856) மலையாளத்தில் பதங்கள் இயற்றினார். 1956இல் மாநில எல்லை பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே அமைந்தபின் இவை நம் பாடத்திட்டங்களின் புறத்தே நின்றுவிட்டன. இசைமேடை அவ்வெல்லையை ஒப்பவில்லை. நெய்யாற்றின்கரை வாசுதேவன் (மறைவு 2008) பயின்றது இராமநாதபுரம் கிருஷ்ணனிடம்.

தம்பியின் 'பிராணநாதன்' எனத் தொடங்கும் காம்போதிப் பதத்தில், கணவன் தந்த இன்பத்தைத் தலைவி தோழிக்கு உரைக்கிறாள். தெய்வப்பெயர் இல்லை. பக்தி முத்திரையில் உறைவதாயின் இதனை வெறும் காமப்பாட்டு என்றே ஒதுக்க நேரும். தமிழ் மரபறிந்தோர்க்கு அத்தடுமாற்றம் வேண்டியதில்லை. அகத்திணையில் தலைவன் பெயர் சுட்டப்படுவதில்லை என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் நெறி. திருக்கோவையாரில் கிளவித்தலைவன் பெயரற்றவன். தில்லைக் கூத்தனோ பாட்டுடைத்தலைவன். இவ்விருவரையும் ஒருவராக்கியது சேத்திரக்ஞர் போன்றோரின் பதம்; தம்பியின் பதமோ பழைய அகநெறிக்கு அணுக்கமானது.

பாடுவோர்க்கு இதனால் நேரும் விளைவு சிறிதன்று. சரணத்தில் இறைவன் பெயர் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் முன்னடிகளை விரைந்து கடப்பவர் உண்டு. (அக்கூச்சம் செவிக்குத் தப்புவதில்லை.) பெயரில்லாப் பதத்தில் அப்புகலிடம் இல்லை. விளம்ப காலத்தில், காம்போதியின் நீண்ட கார்வையில், ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் பொருள் வேறுபடப் பாடி அதன்கண் தங்கியே தீரவேண்டும். பாலசரசுவதி குறித்த கருவறை அமைதி அத்தங்குதலில் பிறப்பது, பெயரால் வருவதன்று. ஆதலின் ஆடலில் நுகரும் சிருங்காரம் ஒருபோதும் உடல்சார்ந்ததன்று என அவர் அழுத்தியுரைத்ததை ஏற்க இயலவில்லை. அவ்வொரு மறுப்பில், தூய்மைவாதியர்க்கு அவர் வேண்டாததொரு சலுகை அளித்துவிட்டார் எனத் தோன்றுகிறது.

உடையார்பாளையம் கச்சிக் கலியாணரங்கரைத் தலைவராகக் கொண்ட கனம் கிருஷ்ணையரின் தமிழ்ப் பதங்களும் இந்நோக்கில் ஆராயத்தக்கன. ஆங்குப் பெயர் உண்டு. அது ஒரு குறுநிலத் தலைவரின் பெயர்.