பணிக்கர் ஓவியங்களில் எழுத்தும் சொல்லும்: தங்கவயல் நோக்கில் ஒரு மதிப்பீடு

கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) 1963 முதல் தீட்டிய 'வேர்ட்ஸ் அண்ட் சிம்பல்ஸ்' என்னும் ஓவிய வரிசையின் பெயரைச் 'சொற்களும் குறியீடுகளும்' எனத் தமிழாக்குவது இயல்பு. இவ்வாக்கம் ஓவியங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சென்னை அரசு கலைத்தொழிற் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைய முன்னின்றவர். மாணவர் ஒருவரின் கணக்கேட்டில் கண்ட எண்களும் இயற்கணிதக் குறிகளும் கோடுகளுமே இவ்வரிசைக்குத் தூண்டுகோல் என்பர். தொடக்கத்தில் இடம்பெற்ற உரோமன் எழுத்துகளின் இடத்தை விரைவிலேயே மலையாள எழுத்துச் சாயல் கொண்ட வரிகள் பிடித்துக்கொண்டன. தட்டையான வண்ணப் பரப்பின்மீது நுண்ணிய எழுத்து வரிசைகளும், சாதகக் கட்டங்களை ஒத்த வரைவுகளும், இடையிடையே மீன், பறவை போன்ற உருக்களும் அமைகின்றன. வரிகளை வாசிக்க முயல்வோர்க்கு அவை பெரும்பாலும் பொருள் தருவதில்லை.

இவ்விடத்துப் பால் கிளேயின் 1918ஆம் ஆண்டு நீர்வண்ண ஓவியம் ஒன்றை ஒப்புநோக்கலாம். அதில் ஒரு கவிதையின் எழுத்துகள் வண்ணச் சதுரங்களுக்குள் வைக்கப்பட்டுள்ளன. கவிதை முழுவதும் மேலே கையெழுத்தில் தரப்பட்டுள்ளது. கண் தடுமாறினும் மூலபாடம் உண்டு, மொழிபெயர்க்கவும் இயலும். பணிக்கரிடம் அத்தகைய மூலபாடம் இல்லை.

பொருள் குறித்து வருவதே சொல் என்பது தொல்காப்பிய மரபு. எழுத்ததிகாரத்தையும் சொல்லதிகாரத்தையும் தனித்தனியே வகுத்த அம்மரபின்படி, இவ்வோவியங்களில் இருப்பது சொல்லாகாது நின்றுவிட்ட எழுத்தேயாகும். மேலும், 'எழுதுதல்' என்னும் வினை பழந்தமிழில் தீட்டுதலையும் குறித்தது. 'தொய்யில் எழுதுதல்' என்னும் வழக்கு இதற்குச் சான்று. ஆகவே 'எழுத்துகளும் குறிகளும்' என்னும் ஆக்கமே தக்கது எனலாம். 'வேர்ட்ஸ்' என்பது ஓவியரே இட்ட பெயராயிற்றே என்னும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், ஆங்கிலப் பெயரில் உள்ள முரணைத் தமிழிலும் காப்பதா, ஓவியத்தில் உள்ளதைச் சொல்வதா என்ற தெரிவில் இக்கட்டுரையாளர் பின்னதையே ஏற்கிறார்.

பொருள் தராத எழுத்து வெறும் அலங்காரம் என்று கூறுவாரும் உளர். அக்கூற்றைச் சோதிக்கக் கோலார் தங்கவயல் நல்லதொரு களம். சுரங்கத் தொழிலுக்காக வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழர் வாழும் ஊர் அது. அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களை வெளியிட்ட சித்தார்த்த புத்தகசாலை அங்குள்ள மாரிக்குப்பத்தில் இயங்கியது. அவ்வாறு தமிழ் எழுத்தில் வேரூன்றிய மக்கள் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் சூழ வாழ்கின்றனர். பேச்சில் பன்மொழி வல்லவராயினும், அவ்வெழுத்துகள் அனைத்தையும் வாசிக்கவல்லார் அனைவரும் அல்லர். ஆயினும் கன்னடப் பலகையையும் தெலுங்குப் பலகையையும் வேறுபடுத்தி அறிய வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. தலைக்கட்டின் வடிவமே போதும். தெலுங்கில் அது சரிக்குறி போலச் சாய்ந்து எழும். கன்னடத்தில் படுக்கைக் கோடாக அமையும். இது யாருடைய எழுத்து, நமக்கு உரியதா என்னும் செய்தி, வாசிப்புக்கு முன்னரே கண்ணுக்கு எட்டிவிடுகிறது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுவோர்க்கு இவ்வறிவு அன்றாடத் தேவை.

இக்கண்ணோடு நோக்கின், பணிக்கரின் வரிகள் மொழியற்றவை அல்ல என்பது புலனாகும். தமிழ் வாசகர் அவற்றில் ண, த ஆகியவற்றின் சாயலைக் கண்டு வாசிக்கத் தொடங்கி நின்றுவிடுவர். மலையாளி தம் எழுத்து என்று உரிமையுடன் அணுகி ஏமாறுவர். வங்காளிக்கு அது தென்னாட்டு எழுத்து என்ற அளவில் அமையும். ஒரே பரப்பு மூவர்க்கு மூன்று அளவில் திறக்கிறது. இவ்வேறுபாட்டை ஓவியர் விரும்பியே மேற்கொண்டார் எனலாம். தங்கவயலார்க்கோ அது வாழ்வில் வந்து சேர்ந்த நிலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது மிகையாகும்.

ஆதலின், இத்தகைய ஓவியங்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதும் மொழிபெயர்ப்பாளர் 'வாசிக்க இயலாத எழுத்து' என்று நிறுத்திவிடுதல் போதாது. எந்த எழுத்து முறையின் சாயல், எந்த அளவுக்கு, எவ்விடத்தில் அது கோடாகக் கரைகிறது என்பனவும் குறிப்பில் இடம்பெற வேண்டும்.