சித்திரக் காதலும் சிநேகிதியர் வாசிப்பும்

படித்து முடித்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறவர்களுக்காக ஏற்பட்டதல்ல, ஜப்பானில் வயது வந்த பெண்களுக்கென்றே வரையப்படும் காதல் சித்திரக்கதை. மங்கா என்று உலகமெங்கும் பெயர் பெற்றுவிட்ட சித்திரக்கதைகளுள் ஜோசெய் என்று வழங்கும் இந்தப் பிரிவு, படித்த ஒருத்தி அதை இன்னொருத்தியிடம் கொடுத்து, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஆவலோடு காத்திருந்து, பிறகு இருவருமாக உட்கார்ந்து பக்கங்களை மறுபடியும் புரட்டும்போதுதான் தன் ரசம் முழுவதையும் கொடுக்கிறது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். ஆகவே, தனியாக எப்படிப் படிப்பது, சேர்ந்து எப்படிப் படிப்பது என்ற இரண்டையுமே இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிச் சிறுமிகளுக்கான ஷோஜோ கதைகளே இதற்குப் பிறந்த வீடு. 1949-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த ஹாகியோ மோடோ, டகேமியா கெய்கோ, ஓஷிமா யுமிகோ முதலிய பெண் சித்திரக்காரர்கள் 1970-களில் அந்தக் கலையின் லட்சணத்தையே மாற்றி, சம்பவங்களைக் காட்டிலும் மன ஓட்டத்துக்குப் பிரதான ஸ்தானம் கொடுத்தார்கள். அவர்களுடைய கதைகளைப் படித்து வளர்ந்த பெண்கள் உத்தியோகத்துக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டோ செய்துகொள்ளாமலோ வாழத் தொடங்கி, தங்கள் வயசுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற கதைகளைத் தேடியபோது, 1980-இல் ‘பீ லவ்’, 1992-இல் ‘கிஸ்’ என்று பத்திரிகைகள் தோன்றின. இந்தக் கதைகளில் மாதச் சம்பளம் உண்டு, வீட்டு வாடகை உண்டு, முப்பது வயசைத் தாண்டிய பயம் உண்டு. காதல் இவற்றுக்கு நடுவேதான் வருகிறது.

வாசிக்கும் முறைக்கு வருவோம். பக்கத்தின் வலப்புற மேல் மூலையில் ஆரம்பித்து இடப்புறக் கீழ் மூலையில் முடிக்க வேண்டும் என்பதற்குக் கண் பழக அரைமணி நேரம் போதும்; காது பழகுவதற்குத்தான் நாளாகும். காது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பக்கத்தில் மூன்று விதமான குரல்கள் கேட்கின்றன: வாய்விட்டுப் பேசியது குமிழிக்குள் இருக்கும், பேசாமல் நினைத்தது குமிழியே இல்லாமல் சித்திரத்தின் மேல் மிதக்கும், இவை போதாதென்று, சித்திரக்காரி தன் கையெழுத்தில் ஓரத்தில் கிறுக்கிவிட்டுப் போகும் சின்னஞ்சிறு குறிப்பும் இருக்கும். குமிழிக்குள் ஒரு பெண் ‘பரவாயில்லை’ என்று சொல்லும் அதே கட்டத்தில், மிதக்கும் வரி அதற்கு நேர்மாறாக இருப்பதைக் கவனியாமல் போகிறவர்கள் கதையைத் தெரிந்துகொள்வார்களே தவிர அந்தப் பெண்ணைத் தெரிந்துகொள்ள மாட்டார்கள். பேச்சே இல்லாத கட்டம் வந்தால் அங்கே நின்றுவிடுங்கள். ஒரு கைவிரலோ, மழைத் தெருவோ, காலியான நாற்காலியோ அதில் இருக்கலாம். சொல்ல வந்ததை எல்லாம் அதில்தான் வைத்திருப்பார்கள். முதலும் கருவும் கொண்டு உரிப்பொருளை உணர்த்தும் அகப்பாட்டில் பழகிய தமிழ் வாசகருக்கு இது புதிய வித்தை அல்லவே.

ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்க்கலாம். உமினோ சிகா 2000 முதல் 2006 வரை எழுதி, 10 தொகுதிகளாக வெளிவந்து, 2003-இல் கோதன்ஷா மங்கா விருதும் பெற்ற ‘ஹனி அண்ட் குளோவர்’ என்ற கதையில், கலைக் கல்லூரியில் மட்பாண்டக் கலை பயிலும் யமடா என்ற பெண், மயாமா என்ற மாணவனை நேசிக்கிறாள். அவனோ தன்னைவிட மூத்தவளும் கணவனை இழந்தவளுமான ரிகாவின்மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஒரு ராத்திரி, குடித்துவிட்டு நடக்க முடியாமல் தவிக்கும் யமடாவை அவன் முதுகில் சுமந்துகொண்டு போகிறான். தன் காதலை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வர, அவன் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாக ஒற்றை அசையில் பதில் சொல்லிக்கொண்டே நடக்கிறான். மறுக்கவும் இல்லை, வாக்குக் கொடுக்கவும் இல்லை, அவளை இறக்கிவிடவும் இல்லை. அவசரமாகப் புரட்டினால் அரை நிமிஷத்தில் கடந்துவிடக்கூடிய பக்கங்கள்தான். ஆனால் அந்த ஒற்றை அசை கருணையா, குரூரமா என்று கேட்டுப் பாருங்கள்! கேட்டும் கிடைக்காத அன்புக்காக ஏங்கியிருப்பவள் ஒரு பதில் சொல்வாள். தன்னை விரும்பி வந்த ஒருவனை நோகாமல் விலக்கத் தெரியாமல் திண்டாடியவள் வேறு பதில் சொல்வாள். இரண்டு பதிலும் அந்தச் சித்திரத்துக்குள்ளேயே இருக்கின்றன; ஒருத்தி தனியே உட்கார்ந்து படித்தால் பெரும்பாலும் ஒன்றுதான் புலப்படும்.

சேர்ந்து வாசிப்பதன் விசேஷம் இதுதான். நம் பெரியோர் சகிருதயர் என்று சொன்னது ஒத்த அபிப்பிராயம் உடையவர்களை அல்ல, ஒத்த ஈரம் உடையவர்களை. ஆகவே புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரும் சிநேகிதியிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேளாதீர்கள்; ‘நன்றாயிருந்தது’ என்பதோடு சம்பாஷணை முடிந்துவிடும். ‘எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்?’ என்று கேளுங்கள். அவள் புரட்டிக் காட்டும் பக்கம், நீங்கள் சாதாரணமாகத் தாண்டிப் போன பக்கமாகவே இருக்கக்கூடும். முடிவை முந்திச் சொல்வது கூடாது. யாருக்கு யார் ஜோடி என்று கட்சி கட்டி வாதாடுவதில் சந்தோஷம் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன்; ஆனால் அதோடு நின்றுவிடுவது, விருந்துக்குப் போய் இலையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வருவதற்குச் சமானம்.

விவாதத்துக்கென்றே அமைந்த கதைகளும் உண்டு. உமினோ த்ஸுனாமி 2012-இல் ‘கிஸ்’ பத்திரிகையில் ஆரம்பித்த கதை, ‘தி ஃபுல்-டைம் வைஃப் எஸ்கேபிஸ்ட்’ என்ற பெயரோடு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. மேல்படிப்புப் படித்தும் நிலையான வேலை கிடைக்காத மிகுரி என்ற பெண், ஹிராமஸா என்ற கம்ப்யூட்டர் இஞ்சினியரின் வீட்டு வேலைக்குச் சம்பளம் பேசிக்கொண்டு, ஒப்பந்தத்தின்பேரில் அவனுக்கு மனைவியாகிறாள். பிற்பாடு மெய்யாகவே நேசம் பிறந்து நிஜக் கல்யாணப் பேச்சு வரும்போது, அப்படியானால் இனிச் சம்பளம் கிடையாதா, அன்பின் பெயரால் உழைப்பை இனாமாக வாங்கிக்கொள்வது நியாயமா என்ற கேள்வி எழுகிறது. தாயும் மகளும் சேர்ந்து படிக்க இதைவிடத் தகுந்த கதையை நான் அறியேன். கதையில் மிகுரியின் பெரியம்மாவாக வரும், ஐம்பது வயசை எட்டியும் கல்யாணம் ஆகாத யுரி என்ற உத்தியோகஸ்தப் பெண்மணியைப் பற்றி இருவரும் என்ன சொல்கிறார்கள் என்பதையும் அவசியம் கேளுங்கள்.

ஜப்பானில் வாசகியின் பதிலுக்கு வெகு காலமாகவே ஒரு ஸ்தானம் இருந்துவருகிறது. எந்தக் கதை பிடித்தது என்று எழுதி அனுப்புவதற்குப் பத்திரிகைக்குள்ளேயே தபால் கார்டு வைத்திருப்பார்கள். அந்தக் கார்டுகளைப் பத்திரிகாசிரியர்கள் சிரத்தையாகப் படிப்பார்கள். புஸ்தக வடிவில் வரும்போது பக்க ஓரத்தில் மிஞ்சும் ஒடுங்கலான இடத்தில் சித்திரக்காரி வாசகியருக்குத் தன் கையாலேயே நாலு வரி எழுதுவாள். ஹிகாஷிமுரா அகிகோ 2014 முதல் 2017 வரை எழுதிய ‘டோக்கியோ தராரேபா கேர்ள்ஸ்’ இந்த உறவை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிற்று. 33 வயசான மூன்று சிநேகிதிகள் மதுக்கடையில் கூடி, அப்படிச் செய்திருந்தால், இப்படி நடந்திருந்தால் என்று புலம்புவதும், தட்டில் இருக்கும் பலகாரமே உயிர் பெற்று அவர்களை இடித்துரைப்பதும் அந்தக் கதை. தொகுதிகளின் கடைசியில், நிஜ வாசகியர் சொன்ன காதல் சங்கடங்களுக்குச் சித்திரக்காரி சித்திரமாகவே பதில் கொடுத்திருக்கிறாள். அந்தப் பதில்களில் தயவும் உண்டு, தாட்சண்யமில்லாத கண்டிப்பும் உண்டு. ஆங்கிலப் பதிப்புக்கு 2019-இல் ஐஸ்னர் விருது கிடைத்தது. டோக்கியோவில் 1975 டிசம்பரில் முதன்முதலாகக் கூடிய காமிக் மார்க்கெட் என்னும் ரசிகர் சந்தைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஷோஜோ கதைகளில் மனம் தோய்ந்த பெண்களே என்பதையும் நினைத்துப் பார்த்தால், பகிர்ந்து வாசிக்கும் இந்தச் சம்பிரதாயம் நேற்று முளைத்ததல்ல என்பது விளங்கும்.

சங்கீத ருசி உள்ளவர்கள் நினோமியா தொமொகோவின் ‘நொதாமே கான்டாபிலே’யிலிருந்து ஆரம்பிக்கலாம். குப்பையும் கூளமுமான அறையில் உட்கார்ந்து நாயகி பீதோவனின் ‘பதேதிக்’ சொனாட்டாவை வாசிக்கும் ஆரம்பக் காட்சியை, அந்தச் சொனாட்டாவைக் கேட்டுக்கொண்டே ஒரு தடவையும், அதை நிறுத்திவிட்டு ஒரு தடவையும் படியுங்கள். மற்றவர்களுக்கு ‘ஹனி அண்ட் குளோவர்’ முதல் தொகுதியைச் சிபாரிசு செய்கிறேன். நான் சொன்ன கதைகள் எல்லாம் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. விலை கொடுத்து வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயத்துக்குமேல் வேண்டாம். முடித்ததும், உங்களைவிடப் பத்து வயசாவது மூத்தவளான ஒருத்தியிடமும், பத்து வயசாவது இளையவளான ஒருத்தியிடமும் கொடுத்து, அவர்கள் நிறுத்திய பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள்; அதைப் படித்த பிறகு இரண்டாம் தொகுதியைத் தொடலாம்.