சொல்லிசையில் சொல்லின் இடம்

இசைப்பாட்டுக்கு உறுப்புகள் இரண்டு. ஒன்று பண், மற்றொன்று சொல். பண் மேலோங்கி நிற்கும் பாட்டும் உண்டு. சொல் மேலோங்கி நிற்கும் பாட்டும் உண்டு. ஆலாபனையில் சொல்லுக்கு வேலையே இல்லை. கும்மியிலும் இலாவணியிலும் பண் எளியது. அங்கே ஆட்சி செய்வது சொல்லே. அமெரிக்க நாட்டில் தோன்றி இன்று நம் இளைஞர் நாவில் வழங்கும் ‘ராப்’ பாட்டு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதைச் சொல்லிசை என்று தமிழில் வழங்குவது மிகப் பொருத்தம். ஹிப்ஹாப் என்பது அப்பாட்டோடு இசைத்தட்டைக் கையாளும் கலை, ஆட்டம், சுவரோவியம் ஆகியவற்றையும் சேர்த்துச் சுட்டும் பொதுப்பெயர்.

இதனை இரைச்சல் என்று ஒதுக்குவோர் நம் ஆசிரியர்களிடையே பலர். இதுவே புதுக்கவிதை என்று கொண்டாடுவோர் இளைஞர்களிடையே பலர். இரண்டு முடிவும் ஆராயாமல் சொல்லும் முடிவுகளே. இந்நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக நின்றுவிடுகிறது; அதையும் எடுக்காமல் விடுவோர் உண்டு. அத்தகைய பிள்ளைகளுக்கு வீட்டுப்பேச்சுக்கு அப்பால் நாள்தோறும் காதில் விழும் தமிழ் பாட்டுத் தமிழே. ஆகவே அப்பாட்டில் சொல் எந்நிலையில் உள்ளது, தொடக்க நாளிலிருந்து அந்நிலை எவ்வாறு மாறிவந்தது என்று காண்பது நம் கடமை.

தோற்றம்

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த விருந்தையே ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொள்வர். ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்பவர் அன்று இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டின் நடுவே தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியில் இளைஞர் பெரிதும் விரும்பி ஆடுவதை அவர் கவனித்திருந்தார். ஒரே தட்டின் இரு படிகளை மாறிமாறி ஓட்டி அப்பகுதியை நீட்டும் முறையை அவர் வளர்த்தார். ஆடுவோரை ஊக்க ஒலிபெருக்கியில் சில சொற்றொடர்கள் கூவப்பட்டன. அப்போது சொல் ஆட்டத்திற்கு ஏவலாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

1979இல் வந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்னும் தட்டு இக்கலையை ஊரெல்லை தாண்டச் செய்தது. எனினும் அது களிப்புப் பாட்டே. 1982இல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினரின் ‘தி மெசேஜ்’ வெளிவந்தது. ஏழைகள் குடியிருப்பின் அழுக்கும், வேலையின்மையும், அவற்றிடையே வாழும் மனிதனின் மனநெருக்கடியும் அதன் பொருளாயின. ஒன்பதே ஆண்டுகளில் ஏவலாளாக இருந்த சொல் தலைவன் ஆயிற்று.

மலேசியத் தமிழில்

நம் நாட்டில் இக்கலை ஆங்கிலத்தின் வழியே நுழைந்தது. யோகி பி முதலியோர் அமைந்த ‘பொயட்டிக் அம்மோ’ குழு 1998இல் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதில் ஆங்கிலமே முதன்மை பெற்றிருந்தது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் ‘யோகி பி – நட்சத்திரா’ என்ற பெயரில் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டபோது தமிழ் முன்னுக்கு வந்தது. இதை மொழிமாற்றம் என்று மட்டும் கருதுவது போதாது. ஒரு யாப்புச் சிக்கலையும் அவர்கள் தீர்க்க வேண்டியிருந்தது.

ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை அழுத்தம் பெறும். அந்த அழுத்தம் தாளத்தின் அடியில் விழுந்தால் ஓசை தானே பிறக்கும். தமிழ்ச் சொல்லில் அத்தகைய வன்மையான அழுத்தம் இல்லை. நமக்கு மாத்திரையே அளவு: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஆங்கில முறையை அப்படியே பின்பற்றினால் தமிழ் தடுமாறும். ஆனால் தமிழுக்கு வேறு வலிமைகள் உண்டு. ‘தட்டு, வெட்டு, முட்டு’ என்னும் சொற்களில் வல்லொற்று மூச்சைத் தடுத்து விடுவிக்கிறது. அதுவே தோற்கருவியின் அடிபோல் ஒலிக்கிறது. குறில்களை நெருக்கித் தொடுத்தால் ஓட்டம் பிறக்கும். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் முடுகு வண்ணமும் ஒன்று. அருணகிரிநாதரின் திருப்புகழை ஓதிப் பழகியவருக்குச் சொல்லிசையின் விரைவு புதிதாகத் தோன்றாது.

தொடையும் அவ்வாறே. ஆங்கில ராப் பெரும்பாலும் அடியிறுதி ஒலி ஒப்புமையை நம்புகிறது. அது நம் இயைபு. தமிழ்ப் பாட்டுக்கோ அடிமுதலில் மோனையும் எதுகையும் முன்னரே உண்டு. வரவான இயைபோடு பழஞ்சொத்தான இவ்விரண்டும் சேர்ந்தபோது தமிழ்ச் சொல்லிசை தனக்கென ஒரு நடை பெற்றது.

அத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்ற ‘மடை திறந்து’ இதற்கு நல்ல சான்று. ‘நிழல்கள்’ (1980) படத்தில் இளையராசா அமைத்த பாட்டின் மேல் அது கட்டப்பட்டது. மெட்டுப் பழையது, எல்லார்க்கும் தெரிந்தது. ஆகவே கேட்போர் கவனம் புதியதாகிய சொல்லின்மேல் சென்றது. தெரிந்த மெட்டைக் கதவாக்கிச் சொல்லை உள்ளே அழைத்துவந்தனர் எனலாம்.

திரைப்படம் தந்ததும் கொண்டதும்

தமிழ்த் திரைப்படத்தில் இவ்வோசை புதிதன்று. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ சென்னைப் பேச்சு வழக்கை எடுத்தாண்டது. ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் யோகி பி – நட்சத்திரா குழுவின் பங்கு இருந்தது. மலேசியத் தமிழர் வாழ்வைக் களமாகக் கொண்ட ‘கபாலி’ (2016) படத்தின் ‘உலகம் ஒருவனுக்கா’ பாட்டில் நம் நாட்டு ரோஷன் ஜாம்ராக்கின் சொல்லிசை ஒலித்தது. நம் கலைஞர் குரல் தமிழுலகம் எங்கும் கேட்டது பெருமைக்குரியதே.

ஆயினும் விலையும் உண்டு. திரைப்பாட்டு கதைத்தலைவனுக்கு உரியது. இரண்டு சரணங்களுக்கு இடையே சொல்லிசைக்குச் சில வரிகள் கிடைக்கும். அவ்வரிகளும் பெரும்பாலும் தலைவனின் வீரம் பேசவே பயன்படும். பாடுவோன் தன் ஊரையும் தன் மக்களையும் பேச இடமில்லை. தலைவனாயிருந்த சொல் அங்கே அணிகலன் ஆகிவிட்டது.

கருவி மாற்றமும் சொல் மெலிவும்

இதே காலத்தில் கருவிகளும் மாறின. 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, உரிமையாளர் இசைவின்றிப் பிறர் பாட்டின் பகுதியை எடுத்தாள்வது தவறு எனத் தீர்ப்பளித்தது. பழைய தட்டுகளைக் கோப்பது செலவு மிக்க வேலையாயிற்று. மின்தாளக் கருவியும் கணினியும் மேலும் மேலும் இடம்பிடித்தன. 1980இல் வெளிவந்த ரோலண்டு 808 என்னும் தாளக் கருவியின் ஆழ்ந்த ஒலி இன்றுவரை ஆட்சி செய்கிறது. குரலின் சுருதியைத் திருத்தும் கருவி பரவியபின், குறிப்பாக 2008இல் கன்யே வெஸ்ட் அதனை ஒரு தொகுப்பு முழுதும் கையாண்டபின், பேசுவதும் பாடுவதும் கலந்த நடை பெருகிற்று.

இதனால் நன்மையும் உண்டு. கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் இளைஞன் கணினியும் ஒலிவாங்கியும் கொண்டு தன் பாட்டைத் தானே பதிவு செய்யலாம். எவர் தயவும் வேண்டா. ஆனால் இழுத்துப் பாடும் நடை ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு மிகுந்த கேடு செய்கிறது. ‘படு’ வேறு, ‘பாடு’ வேறு. ‘கல்’ வேறு, ‘கால்’ வேறு. குறிலை நெடிலாக இழுத்தால் பொருளே மாறிவிடுகிறது. சுருதிக் கருவியின் வழுக்கலில் லகர ளகர ழகர வேறுபாடும் மறைகிறது. நாலு வரியைப் பலமுறை மடக்கிச் சொல்லி, இடைவெளியை ஆங்கிலச் சொல்லால் நிரப்பும் பாட்டுகள் இன்று பல. அவற்றில் தாளம் இருக்கிறது, மெட்டு இருக்கிறது, சொல் தேய்ந்துவிட்டது. புதுமையை நாம் குறை கூறவில்லை. சொல்லிசை என்ற பெயருக்குரிய சொல்லைத் தேடுகிறோம்.

மீண்டும் எழுந்த சொல்

தேய்வு ஒன்றே வரலாறு அன்று. 2018இல் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் சொல்லிசையையும் இணைத்துச் சாதிக்கொடுமையைப் பாடுபொருள் ஆக்கிற்று. அக்குழுவில் விளங்கிய அறிவு, 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். 2021இல் தீயுடன் அவர் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’, நிலமற்ற உழைப்பாளரின் வரலாற்றைச் சொன்னது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வை அதன் ஊற்றாக அவர் குறிப்பிட்டுள்ளார். ஒப்பாரி மரபும் அதில் கலந்துள்ளது. அப்பாட்டிலும் மெட்டு உண்டு. இழுத்துப் பாடுதலும் உண்டு. ஆயினும் சொல் தேயவில்லை. ஏன்? சொல்ல வேண்டிய பொருள் அவரிடம் இருந்தது. பொருள் வலிதாயின் கருவி அதற்கு அடங்கும். அமெரிக்காவிலும் இதே 2018இல் கெண்ட்ரிக் லமாரின் தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்கும் வெளியே அப்பரிசு சென்றது அதுவே முதன்முறை.

அத்தகைய பொருளுக்கு நம்மிடம் பஞ்சமா? கோலலங்காட் வட்டாரத்தில் ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளான கதை உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் நகரத்து மாடிக்குச் சென்றதும் நம் கண்முன் நிகழ்ந்தவை. கோயிலும் பள்ளியும் மட்டும் செம்பனைக்கு நடுவே எஞ்சிநிற்கும் ஊர்கள் எத்தனை! உறுமி மேளம் அடிக்கும் கைகள் இங்கு நிறைய உள்ளன. அந்தத் தாளத்தின்மேல் அந்த வரலாறு ஏறவேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பாடநூலில் எதுகை காட்டத் தடுமாறும் மாணவன், தான் விரும்பும் பாட்டில் அதைக் காட்டச் சொன்னால் உடனே காட்டுவதை என் வகுப்பில் கண்டுள்ளேன். நல்ல பகுதியைத் தேர்ந்து கரும்பலகையில் எழுதுவோம். மோனை, எதுகை, இயைபுகளைக் குறிக்கச் செய்வோம். பிறகு இசையின்றி உரக்கப் படிக்கச் சொல்வோம். படித்தபோது ஓசையும் பொருளும் நின்றால் அது சொல்லிசை. இரண்டும் உதிர்ந்துவிட்டால் அது வெறும் இசை. இந்த ஒரு சோதனையைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால், எதைக் கேட்பது, எதை விடுவது என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. நாளை பாட்டுக் கட்டப்போகும் பிள்ளைக்கும் அதுவே முதற்பாடம் ஆகும்.