கரையில் நிற்கும் பல்கலைக்கழகம்

ஆண்டின் பெரும்பகுதி சுவர்ணமுகி மணலாய்க் கிடக்கும் ஊர் திருப்பதி. சித்தூர்ப் பக்கத்துப் பொன்னையாறும் மழையை நம்பியதுதான். 1954-இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவருக்குத் துடுப்பு வலிக்க ஆசை வந்தால் எங்கே போவார்? கல்யாணி அணை இருக்கிறது; ஆனால் அது ஊருக்குக் குடிதண்ணீர் தரும் அணை. மாவட்டத்துக்குள் வரும் பழவேற்காடு ஏரியோ ஆழம் குறைந்தது, பூநாரைகளின் இடம்.

படகுக் கழக மரபின் நல்லதும் கெட்டதும் இப்படிப்பட்ட ஊரிலிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும்.

எட்டுப் பேர் வலிக்கும் படகில் எட்டுப் பேருமே போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். வழி பார்ப்பது சுக்கான் பிடிக்கும் ஒருவர் மட்டும். ஒரு துடுப்பு சற்றே பிந்தி இறங்கினாலும் படகு ஆட்டம் காணும். நட்சத்திர ஆட்டக்காரர் என்று ஒருவர் தனியே மின்ன இதில் வழியே இல்லை. கல்லூரி வயதுக்கு இதைவிட நல்ல பயிற்சி அரிது. புணே பொறியியல் கல்லூரியின் படகுக் கழகம் 1928 முதல் நிலைத்திருப்பதற்கும், மூத்தவர் இளையவருக்குக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் அங்கே விடாமல் தொடர்வதற்கும் இந்த ஒட்டுறவு ஒரு காரணமாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் ரெகாட்டா என்ற படகு விழாவில் கயாக் நடனமும் தீப்பந்த நடனமும் உண்டு. கண்ணுக்கு விருந்துதான்; ஆனால் வேகத்தைச் சோதிக்க வேண்டிய விளையாட்டு அங்கே பாதி கலைவிழாவாகிவிட்டது.

மரபின் பெரிய குறை வேறு. யாரை உள்ளே விடுவது என்பதில் அது எப்போதும் கை இறுகியே இருந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1829-இல் போட்டியைத் தொடங்கின; பெண்கள் அணிகள் அதே தேம்ஸ் தடத்தில், அதே நாளில் போட்டியிட 2015 வரை காத்திருந்தன. வென்ற அணியின் சுக்கான்காரரை ஆற்றில் தூக்கிப் போடுவது அங்கே வேடிக்கையான சடங்கு. 2024-இல் நீரில் ஈ கோலை கிருமி இருந்ததால் அதையும் தவிர்க்க வேண்டியதாயிற்று. சடங்கைக் காத்தவர்கள் ஆற்றைக் காக்கவில்லை. 1867-இல் தோன்றிய, அடையாற்றங்கரையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப்புக்கும் இந்த முரண் புதிதல்ல. 1898 முதல் கொழும்பு அணியோடு மோதிவரும் பெருமை அதற்கு உண்டு. பக்கத்திலேயே ஓடுகிறது சாக்கடை கலந்த நீர். உறுப்பினர் கட்டணம் கட்டி உள்ளே நுழைவது சாமானிய மாணவருக்கு எட்டாத காரியம் என்பதும் ஊரறிந்தது.

கதவைத் திறந்தது ராணுவம். நாசிக் மாவட்டத்து வறட்சிக் கிராமம் ஒன்றில் தந்தையோடு கிணறு வெட்டிக்கொண்டிருந்த தத்து போகனல், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 13-ஆம் இடம். 2018 ஆசியப் போட்டியில் நால்வர் படகில் தங்கம். வறண்ட ஊர் என்பது சாக்காகாது என்பதற்கு இவரே சாட்சி.

பல்கலைக்கழகங்கள் இப்போதுதான் விழித்திருக்கின்றன. கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளில் துடுப்புப் படகு 2023-இல் சேர்ந்தது; நடந்த இடம் கோரக்பூரின் ராம்கர் ஏரி. திருப்பதியில் அப்படியொரு ஏரி இல்லை. ஆனாலும் உடற்பயிற்சிக் கூடத்தில் நாலைந்து துடுப்பு இயந்திரங்களை வைக்கலாம். தேசிய அளவில் அந்த இயந்திரத்துக்கென்றே தனிப் போட்டி நடக்கிறது. இயந்திரப் பயிற்சியில் தேறுபவர்களைக் கோடை விடுமுறையில் நீருள்ள ஊருக்கு அனுப்பும் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்றால் போதும்.