இலவச இணைய நூல்களும் தமிழ்மொழிமூல மொழியியல் மாணவரும்

1

இலங்கையின் கல்வி வரலாற்றில் 'இலவசம்' என்பது ஆழ்ந்த பொருளுடைய ஒரு சொல்லாகும். கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்ரோபர் மாதம் தொடக்கம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி கட்டணமற்றதாயிற்று. இவ்வியக்கத்தில் இரண்டு கோரிக்கைகள் பின்னிப்பிணைந்திருந்தமை மனங்கொள்ளத்தக்கது. பணமில்லாமை கல்விக்குத் தடையாதல் கூடாது என்பது ஒன்று. ஆங்கிலமறியாமை கல்விக்குத் தடையாதல் கூடாது என்பது மற்றொன்று. பின்னைய கோரிக்கை பல்கலைக்கழகக் கலைப்பீடத்தை எட்டுவதற்கு 1960ஆம் ஆண்டளவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டணம் நீங்கியபோது வறியவனுக்குக் கதவு திறந்தது; தாய்மொழி போதனாமொழியானபோதுதான் அவனால் உள்ளே சென்று அமர முடிந்தது.

இன்று இணையத்தின் வழியாக 'இலவசம்' என்னும் சொல் மீண்டும் நம்மிடம் வந்திருக்கிறது. மொழியியல் பயிலும் மாணவர் ஒருவர் ஒரு சதமும் செலுத்தாது பாடநூல்களையும் விரிவுரைகளையும் ஆய்வுக் கருவிகளையும் பெறலாம். இப்புதிய இலவசம் பழைய கோரிக்கைகளுள் எதனை நிறைவேற்றுகிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதே ஈண்டு எமது வினா. இலவசக் கல்வியால் உருவான ஒரு சமூகம் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

2

முதலிற் கிடைத்திருப்பவற்றை நேர்மையுடன் மதிப்பிடுதல் வேண்டும். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தனது பாடநெறிகளை எவரும் பார்க்கத்தக்கதாக வெளியிடப் போவதாக 2001இல் அறிவித்தது. மொழியியற் பாடநெறிகளும் அவற்றுள் அடங்கும். 2005இல் அச்சில் வெளிவந்த உலக மொழி அமைப்புகளின் நிலப்படத் தொகுதி 2008இலிருந்து இணையத்திற் கிடைக்கின்றது. 2014இல் பேர்லினில் தொடங்கப்பட்ட ஒரு பதிப்பகம் மொழியியல் ஆய்வு நூல்களை மட்டுமே, அவற்றையும் இலவசமாகவே, வெளியிட்டு வருகின்றது. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தளத்திற் சொல் சொல்லாகத் தேடலாம். அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் பூர்ஸ்மா, டேவிட் வீனிங் ஆகிய இருவர் உருவாக்கிய 'பிராற்' என்னும் மென்பொருள், பதிவுசெய்த பேச்சை அலைவரைவாகவும் நிறமாலை வரைவாகவும் காட்டுகின்றது. முன்னர் இதற்கென ஓர் ஆய்வுகூடம் வேண்டியிருந்தது. நம்மவர் முயற்சியால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிமத் திட்டம், ஈழத்துச் சஞ்சிகைகளையும் ஆய்வேடுகளையும் ஒருங்குசேர்த்துள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அனுபவமுடைய ஒரு சமூகத்துக்கு இதன் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நூலகத்தில் ஒரேயொரு பிரதியாக இருந்த நூலுக்கு வகுப்பு முழுவதும் முறைவைத்துக் காத்திருந்த தலைமுறையோடு ஒப்பிடுகையில் இது பெரியதொரு மாற்றமே. இதனைக் குறைத்துரைப்பது முற்போக்கான நிலைப்பாடாகாது.

ஆயினும் வளம் இருத்தல் வேறு, அது மாணவரின் கற்றல் வாழ்க்கைக்குள் வருதல் வேறு. 2020இல் பெருந்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையத்துக்கு மாறியபோது, யாரிடம் கணினி உண்டு, யாரிடம் கைத்தொலைபேசி மட்டும் உண்டு, யாருடைய ஊரிற் சமிக்ஞையே இல்லை என்பன வெளிச்சத்துக்கு வந்தன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. இரவு நேரத்துக்கென ஒதுக்கப்பட்ட தரவுப் பொதியை நம்பிப் பாதித் தூக்கத்திற் காணொளியைப் பதிவிறக்கும் மாணவருக்கு 'இலவச' விரிவுரையின் விலை நன்கு தெரியும். 'பிராற்' மென்பொருளுக்கு விலையில்லை. ஆனால் அதனை இயக்கக் கணினி வேண்டும். இப்பொருளாதாரத் தடைகள் வெளிப்படையானவை. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத தடையொன்று நூல்களுக்குள்ளேயே உள்ளது. அதனை விளக்க ஒரு நூலை எடுத்துக்கொள்வோம்.

3

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதரின் அன்டர்சன் எழுதிய 'மொழியியலின் அடிப்படைகள்' என்னும் பொருள்பட்ட ஆங்கிலப் பாடநூல் 2018இல் இணையத்தில் வெளியாயிற்று. பிற ஆசிரியர்களும் இணைந்து விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 2022இல் வந்தது. அறிமுக நிலை மாணவருக்கான திறந்த பாடநூல்களுள் இது சிறந்தவற்றுள் ஒன்று எனத் தயங்காது கூறலாம். ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல் என்னும் வழக்கமான வைப்புமுறை இதில் உண்டு. அதற்கப்பால், மொழிக்கும் அதிகாரத்துக்குமுள்ள தொடர்பை இரண்டாம் பதிப்பு தனியோர் இயலாகவே பேசுகின்றது. கனடாவின் ஆதிக்குடிகளுடைய மொழிகளையும் அவற்றை மீட்டெடுக்கும் முயற்சிகளையும் அது பாடப்பொருளாக்கியுள்ளது. மொழியியலைச் சமுதாயத்தினின்று பிரித்துத் தூய விஞ்ஞானமாகக் காட்டும் போக்கு வலுவாக இருந்துவரும் ஒரு துறையில், அறிமுக நூலொன்று இவ்வாறு தொடங்குவது பாராட்டத்தக்கது.

இந்நூலின் பலம் அது தன் மண்ணில் நிற்பதாகும். தன் மாணவர் பேசும் கனடிய ஆங்கிலத்தின் ஒலிகளைக் கொண்டே அது ஒலியியலைக் கற்பிக்கின்றது. ஒன்ராறியோவில் வாழும் மாணவர் தம் வாயில் ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்; கலைச்சொல் அக்கண்டுபிடிப்புக்குச் சூட்டப்படும் பெயராகின்றது. இதே பக்கங்களை வவுனியாவிலோ ஹற்றனிலோ வாசிக்கும் தமிழ்மொழிமூல மாணவருக்கு நிகழ்வது வேறு. ஆங்கில அறிமுக நூல்கள் பலவற்றில் மாற்றொலியை விளக்கும் மரபான உதாரணத்தை நோக்குக: 'பின்' என்னும் சொல்லின் முதலொலி மூச்சுடன் வெளிப்படும், 'ஸ்பின்' என்பதில் அம்மூச்சு இராது. இவ்வாங்கில வேறுபாட்டைப் பிறப்பிலிருந்து கேட்டுப் பழகாத மாணவர் அதனைக் கேட்பதில்லை, நம்புகிறார். வரைவிலக்கணத்தை மனனஞ்செய்து பரீட்சையில் எழுதுகிறார். கண்டுபிடிப்பாக இருக்கவேண்டியது அவருக்குக் குறிப்பாகி விடுகிறது. ரியூட்டரிகளிற் குறிப்பை நம்பிக் கற்ற அதே பழக்கம் திரையின் முன்னும் தொடர்கின்றது.

நூலாசிரியர் எவரையும் இதற்காகக் குறைகூறுதல் பொருந்தாது. அவர் தம் மாணவருக்கு எழுதினார். குறை, அந்நூல் அனைவருக்கும் ஒரே வகையிற் பயன்படும் எனக் கருதும் நம்மிடமே உள்ளது.

4

அதே கருத்தைத் தமிழிலிருந்து தொடங்கினால் நிலைமை எவ்வாறு மாறுகின்றது என்பதைக் காண்போம். 'கல்', 'சங்கு', 'பகல்' என மூன்று சொற்களை உரத்துச் சொல்லும் மாணவர், ககரம் மூன்று இடங்களில் மூன்று வகையாக ஒலிப்பதை நொடிப்பொழுதில் உணர்வார். சொல் முதலில் ஒன்று, மெல்லினத்தின் பின் ஒன்று, உயிர்களுக்கிடையில் மற்றொன்று. இடம் தெரிந்தால் ஒலி தெரியும். ஆகவே எழுத்து ஒன்றே போதுமானதாயிற்று. ஒலியன், மாற்றொலி என்னும் இரு கருத்துகளும் இங்கேயே விளங்கிவிடுகின்றன. அடுத்து, இரக்கத்தைக் குறிக்கும் 'பாவம்' என்பதையும், நடனத்தில் மெய்ப்பாட்டைக் குறிக்கும் 'பாவம்' என்பதையும் அவர் ஒப்பிடட்டும். எழுத்து ஒன்று, பலரது உச்சரிப்பில் முதலொலி வேறு, பொருளும் வேறு. கடன்சொற்களின் வரவால் ஓர் ஒலியமைப்பு எவ்வாறு மாற்றமடைகின்றது என்னும் வரலாற்று வினா இவ்விணையிலிருந்து பிறக்கின்றது.

ஈழத்துத் தமிழுக்கேயுரிய மற்றொரு சான்று இன்னும் வலிமையானது. கனடாவின் பெருநகரின் பெயரை நாம் 'ரொறன்ரோ' என எழுதுகின்றோம். தமிழ்நாட்டில் அது 'டொரண்டோ' எனப்படும். 'ரீ', 'ரிக்கற்' என்பன நமது வழக்கு. 'டீ', 'டிக்கெட்' என்பன அவர்களது வழக்கு. இதனை வெறும் எழுத்துக்கூட்டல் விருப்பம் எனக் கருதுவோர் உளர். உண்மையில் இங்கு இரண்டு வகைச் செவிகள் தொழிற்படுகின்றன. அவ்வாங்கில ஒலி நுனிநா பல்லின் பின்னுள்ள மேட்டைத் தொடுவதால் எழுவது. நா வளைந்து எழும் டகரத்துடன் தமிழ்நாட்டார் அதனை இணைத்தனர். பல்முகட்டு ஒலியாகிய றகரத்துடனும் அதனையொட்டி ரகரத்துடனும் ஈழத்தவர் இணைத்தனர். பழைய இலக்கணகாரர் றகரத்தை ஏன் க, ச, ட, த, ப ஆகியவற்றுடன் சேர்த்து வல்லினத்துள் வைத்தனர் என்பது, அதனை ரகரத்தின் அழுத்தமான வடிவமாக மட்டும் கேட்டுப் பழகியவருக்குப் புதிராகவே இருக்கும். 'ரிக்கற்' என்னும் சொல்லின் இறுதியொலியைக் கேட்கும் ஈழத்து மாணவருக்கோ அப்புதிரின் விடை தம் நாவிலேயே உள்ளது. ஒலிபிறப்பிடம், கடன்வாங்கல், எழுத்துமுறை, இலக்கண மரபு ஆகிய நான்கையும் ஒரு பயணச்சீட்டைக் கொண்டு கற்பிக்கலாம்.

சுட்டுச்சொற்களும் இத்தகையனவே. தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டுகளைக் கூறுகின்றது. தமிழ்நாட்டுப் பொதுப்பேச்சில் உகரச்சுட்டு வழக்கிழந்துவிட்டது. யாழ்ப்பாணப் பேச்சிலோ 'உது', 'உவன்', 'உங்கை' என்பன நாள்தோறும் கேட்கப்படுகின்றன. பெரும்பாலும் கேட்போனுக்கு அண்மையிலுள்ளதை அவை சுட்டுகின்றன. உலக மொழி நிலப்படத்தில் ஒரு மொழி ஒரு புள்ளியாகவே குறிக்கப்படும். தமிழுக்கு வைத்த அப்புள்ளி எந்தத் தமிழுக்கு உரியது என வினவும் மாணவர், நிலப்படத்தைப் பயன்படுத்தும் நிலையிலிருந்து அதனைத் திருத்தவல்ல நிலைக்கு உயர்கின்றார். மட்டக்களப்புப் பேச்சு, முஸ்லிம் மக்களின் தமிழ், மலையகத் தோட்டங்களில் வழங்கும் தமிழ் ஆகியவற்றை நோக்கும்போது இவ்வினா மேலும் கூர்மையடையும். உழைக்கும் மக்களின் பேச்சைக் 'கொச்சை' என ஒதுக்கிய பண்டித மனப்பான்மையும், உலக நிலப்படத்தின் ஒற்றைப் புள்ளியும் வெவ்வேறு காரணங்களால் எழுந்தவை. எனினும் இரண்டிலும் மறைபடுபவர் ஒருவரே.

5

இதற்கு இரண்டு எளிய தீர்வுகள் கூறப்படுவதுண்டு. மாணவர் ஆங்கிலத்தை நன்கு கற்றால் போதும் என்பது முதலாவது. ஆங்கிலம் கற்பது அவசியமே. அதனை மறுப்பது மாணவருக்குச் செய்யும் துரோகம். ஆனால் ஆங்கிலம் கற்றவருக்கும் 'ரிக்கற்' என்னும் சான்று ஆங்கில நூலிற் கிடைக்கப்போவதில்லை. உள்ளவற்றை அப்படியே மொழிபெயர்க்கலாம் என்பது இரண்டாவது. இயந்திர மொழிபெயர்ப்பு வளர்ந்துள்ள இக்காலத்தில் இது இன்னும் எளிதாகத் தோன்றும். இயந்திரம் வரைவிலக்கணத்தைத் தமிழில் தரும். 'பின்', 'ஸ்பின்' என்பவற்றின் இடத்திற் 'கல்', 'சங்கு', 'பகல்' என்பவற்றை வைப்பது மொழிபெயர்ப்பின் எல்லைக்குள் அடங்குவதன்று. அது தமிழை ஆராய்ந்தவர் செய்யவேண்டிய ஆக்கப்பணி.

இப்பணிக்குத் தடையில்லை என்பதே கவனிக்கத்தக்கது. மேற்குறித்த பாடநூல் 'கிறியேற்றிவ் கொமன்ஸ்' எனப்படும் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூல ஆசிரியரைக் குறிப்பிட்டு, வணிக நோக்கின்றி, அதே நிபந்தனையிற் பகிர்வதாயின் எவரும் அதனைப் பிரதிசெய்யலாம், மொழிபெயர்க்கலாம், உதாரணங்களை மாற்றலாம், புதிய இயல்களைச் சேர்க்கலாம். விலையின்றி வாசிக்கும் வசதியைக் காட்டிலும் இவ்வுரிமை பெரியது. நாமோ வசதியைப் பயன்படுத்தி, உரிமையைத் தொடாது விட்டிருக்கின்றோம்.

வெறுங்கையுடன் தொடங்கவேண்டிய நிலையும் இல்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' யாழ்ப்பாணப் பேச்சை மேடைக்கும் ஏட்டுக்கும் உரிய மொழியாக மதித்தது. சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழின் ஒலியனியலையும் உருபனியலையும், சமூக வேறுபாடுகள் பேச்சிற் பிரதிபலிக்கும் முறையையும் ஆராய்ந்தார். எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' மரபிலக்கணத்தையும் நவீன மொழியியலையும் மாணவருக்கு விளங்கும் தமிழில் இணைத்தது. கலைச்சொற்களும் உள, ஆய்வுகளும் உள. திறந்த பாடநூல் என்னும் புதிய வடிவத்துக்குள் இம்மரபு இன்னும் கொண்டுவரப்படாதிருப்பதே குறை.

ஒவ்வொரு மொழியியற் சிறப்புக்கலை மாணவரும் தம் ஊரின் ஒரு பேச்சு வழக்கை, பேசுவோரின் சம்மதத்துடன் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்யலாம். துறையின் பொதுக் கணினியில் அதனைப் பகுத்தாயலாம். ஒலிப்பதிவையும் விளக்கத்தையும் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடலாம். பரீட்சைக்குப் பின் அலுமாரியில் அடங்கிவிடும் ஆய்வேடுகள் இவ்வாறு அடுத்த ஆண்டு மாணவரின் பாடநூலாக மாறும். ஆண்டுக்கு ஓர் இயல் என்னும் அளவில், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதனைக் கூட்டாக முன்னெடுத்தல் சாத்தியமே. மொழியியலுக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் முதல் தேவையன்று. தோட்டத் தொழிலாளியின் வீட்டிலும் மீனவரின் வாடியிலும் அதன் மூலப்பொருள் நிறைந்து கிடக்கின்றது. அவ்வீடுகளிலிருந்து வரும் மாணவர்களே அதனை நன்கறிந்தவர்கள்.

1945இல் நீங்கிய கட்டணத்துக்குத் தாய்மொழிப் போதனை முழுப்பொருள் அளித்தது. இன்று திறந்த இணையம் முதற்பாதியைத் தந்துள்ளது. மறுபாதியை ஒன்ராறியோவோ பேர்லினோ நமக்கு எழுதித்தரப் போவதில்லை; அது நமது மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து எழுதவேண்டிய நூல்.